முதலாண்டு மாணவர்களுக்குக் கணினி: கரண்ட் பில்லிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியை. வேலைக்குச் சேர்ந்து இது இரண்டாவது வருடம். முதலாண்டு சிவில், மெக்கானிக்கல் மாணவர்கள் 62 பேருக்கு, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் பாடத்திட்டப்படி ‘பிராப்ளம் சால்விங் அண்ட் பைத்தான் புரோகிராமிங்’ எடுக்கிறேன். பாதிக்கு மேல் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். சிலர் பிளஸ் டூவிலேயே பைத்தான் படித்திருக்கிறார்கள். சிலர் கீபோர்டையே இப்போதுதான் தொடுகிறார்கள். லேப் மேனுவலில் உள்ள புரோகிராமை மனப்பாடம் செய்து அடிக்கிறார்கள். கணக்கில் ஓர் எண்ணை மாற்றிக் கேட்டால் விழிக்கிறார்கள். இன்னும் சிலர் சாட்ஜிபிடியில் எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். முதலில் வேர்டு, எக்செல் என்று அடிப்படையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அப்புறம் புரோகிராமுக்கு வரலாமா? துறைத்தலைவர் ‘அதற்கெல்லாம் நேரமில்லை, சிலபஸை முடியுங்கள்’ என்கிறார். கடைசி சிஸ்டத்தில் உட்காரும் ஒரு மாணவி, நான் பக்கத்தில் போனாலே மானிட்டரை அணைத்துவிடுகிறாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள பேராசிரியைக்கு, வணக்கம்.

முதலாண்டு லேபில் 27 வருடம் நின்றிருக்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு மாணவரையும் நான் பார்த்திருக்கிறேன், மானிட்டரை அணைக்கும் அந்தப் பெண்ணையும் சேர்த்து. அவளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வேர்டு, எக்செல்லுக்கென்று தனியாக இரண்டு வாரம் ஒதுக்க வேண்டாம். எழுத்தைத் தடிமனாக்குவதும் டேபிள் போடுவதும் எதற்கென்று தெரியாமல் கற்றால் அடுத்த மாதமே மறந்துபோகும். கணினியைக் கையாளும் பழக்கமும் கணக்கைத் தீர்க்கும் பழக்கமும் ஒரே வேலைக்குள் வரட்டும். உங்கள் மாணவர்களுக்குக் கணக்குப் போடத் தெரியும். மளிகைக் கடையில் மீதிச் சில்லறை எவ்வளவு என்று மனதிலேயே போட்டுவிடுவார்கள். மனதில் போடும் அந்தக் கணக்கை ஒவ்வொரு படியாக வெளியே சொல்லும் பழக்கம்தான் அவர்களுக்கு இல்லை. பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பில் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் வேலை அங்கே தொடங்குகிறது.

அதற்கான கணக்கு சிலபஸிலேயே இருக்கிறது. லேபின் முதல் பயிற்சிப் பட்டியலில் ‘எலெக்ட்ரிசிட்டி பில்லிங்’ என்று ஒரு வரி வரும். பெரும்பாலான இடங்களில் போர்டில் ஒரு ஃப்ளோசார்ட் (கணக்கின் படிகளை அம்புக்குறியால் காட்டும் படம்) வரைவார்கள், பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் காப்பி அடிப்பார்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நீங்கள் அதற்கு முழுதாக மூன்று வாரம் கொடுங்கள்.

முதல் வகுப்பில் கணினி வேண்டாம். வீட்டில் இருக்கும் இபி அட்டையைப் போட்டோ எடுத்து வரச் சொல்லுங்கள். மின் இணைப்பு எண்ணை மறைத்துக்கொள்ளட்டும், ரீடிங் மட்டும் போதும். போன தடவை ரீடிங், இந்தத் தடவை ரீடிங். கழித்தால் யூனிட். இதுவரை எல்லோரும் செய்துவிடுவார்கள். அடுத்து 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணப் பட்டியலைப் போர்டில் எழுதுங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை செலவழிக்கும் வீட்டில் முதல் 100 யூனிட் இலவசம்; 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். அதற்குப் பிறகு கட்டணம் உயர்ந்திருக்கிறது என்றாலும் பாடத்துக்கு இந்தப் பட்டியலே வசதி, எண்கள் கைக்கணக்குக்கு அடங்கும். கடைசி வாரத்தில் இப்போதைய கட்டணத்தைக் கொடுத்துப் புரோகிராமைத் திருத்தச் சொன்னால் அது இன்னொரு நல்ல பயிற்சி.

300 யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். வகுப்பில் பாதிப் பேர் 300-ஐ 4.50-ஆல் பெருக்கி 1350 என்பார்கள். சரியான விடை 675. தவறு என்று உடனே சொல்லிவிடாதீர்கள். 1350 சொன்ன ஒருவரையும் 675 சொன்ன ஒருவரையும் எழுப்பி, எப்படி வந்தது என்று தமிழிலேயே விளக்கச் சொல்லுங்கள். “மொதல் நூறு ஃப்ரீ மேடம், அடுத்த நூறுக்கு 225, அப்புறம் இருக்கிற நூறுக்கு 450” என்று ஒரு மாணவன் சொல்லும்போது, அவன் சொன்ன வரிசையிலேயே போர்டில் எழுதுங்கள். ‘இதற்குப் பெயர் அல்காரிதம்’ என்று அப்புறம் சொல்லலாம். தான் வாயால் சொன்னதுதான் அந்தப் பெரிய பெயர் என்று தெரியும்போது ஒரு பயம் கழன்று விழும். அதை அவன் முகத்திலேயே பார்ப்பீர்கள்.

இந்தக் கணக்கில் நான் விரும்பும் இடம் 500-ஐத் தாண்டும்போது வருகிறது. அந்த 2022 கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு மேல் போனால் பட்டியலே மாறிவிடும். முதல் 100 அப்போதும் இலவசம்தான். 101-லிருந்து 400 வரை முழுவதற்கும் 4.50, 401 முதல் 500 வரை 6, 501-லிருந்து 600 வரை 8 ரூபாய். அதாவது 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1725 ரூபாய், 501 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடுகிறது. இதை நீங்கள் சொல்லாதீர்கள். இரண்டு பட்டியலையும் கொடுத்துவிட்டு 499, 500, 501 மூன்றுக்கும் கையால் கணக்குப் போடச் சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். வகுப்பில் சத்தம் கிளம்பும். ‘தப்பா இருக்கு’, ‘இல்லடா, சரிதான்’, ‘அதான் எங்க வீட்ல அந்த மாசம் பில் எகிறிச்சா’ என்று ஆளுக்கு ஆள் பேசுவார்கள். அந்தச் சத்தத்தை அடக்காதீர்கள். முதலில் 500-க்கு மேலா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. ‘இஃப்’, ‘எலிஃப்’, ‘எல்ஸ்’ என்று பைத்தானில் நிபந்தனை போடுவது அதற்கப்புறம் எழுத்து வேலைதான்.

இரண்டாம் வாரம் லேபுக்குப் போங்கள். அப்போதும் பைத்தானைத் திறக்க வேண்டாம். 62 வீட்டு யூனிட்டையும் ஆளுக்கு ஒரு எக்செல் ஷீட்டில் அடிக்கட்டும். பக்கத்து நெடுவரிசையில் கையால் போட்ட தொகை வரட்டும். தங்கள் ரோல் நம்பரில் ஃபோல்டர் உருவாக்கி, அதில் சேமித்து, எல்லாவற்றையும் மூடிவிட்டு, மறுபடி திறந்து காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் போனிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கேள்வியே எழுந்ததில்லை. படம் கேலரியில் இருக்கும், மற்றது அந்தந்த ஆப்பில் இருக்கும், அவ்வளவுதான். ‘சேவ் பண்ணினேன், காணோம்’ என்று உங்களிடம் வருபவர்கள் பலரும் அலட்சியத்தால் தொலைத்தவர்கள் இல்லை. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற அமைப்பு அவர்கள் மனதில் இன்னும் உருவாகவில்லை. போர்டில் ஒரு மரம் மாதிரி வரைந்து, உங்கள் ஃபைல் எந்தக் கிளையில் என்று கேளுங்கள்.

ஃபைல் பெயருக்குப் பின்னால் .txt, .py என்று வரும் எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவைக்கும். முதல் நாளே அதைத் தெரியும்படி மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நோட்பேடில் எழுதிச் சேமித்த பைத்தான் ஃபைல் உள்ளுக்குள் டெக்ஸ்ட் ஃபைலாக இருக்கும், ஏன் ஓடவில்லை என்று ஒரு பீரியடே போய்விடும். உங்கள் லேபில் ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும் என்றால் அதையும் அன்றே சொல்லிவிடுங்கள். தட்டச்சுக்குத் தினமும் ஐந்து நிமிடம் போதும். அடைப்புக்குறி, முக்காற்புள்ளி, அண்டர்ஸ்கோர், மேற்கோள்குறி எங்கே என்று கை தேடுவதில்தான் நேரம் போகிறது. ஒரே ஒரு பெரிய எழுத்துக்காக கேப்ஸ் லாக்கைப் போட்டு, அப்புறம் அணைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். ஷிஃப்டை ஒரு தடவை காட்டிவிட்டால் போதும்.

அந்த ஷீட்டிலேயே 480 முதல் 520 யூனிட் வரை தொகையை அடித்து ஒரு கிராஃப் போட வைத்தால், 500-ஐத் தாண்டும் இடத்தில் கோடு கிட்டத்தட்ட செங்குத்தாக எழும்பும். கையால் கண்டுபிடித்ததைக் கண்ணால் பார்ப்பார்கள். எக்செல் எதற்கு என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் வாரம் பைத்தான். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எழுத வைக்கும் முன் படிக்க வையுங்கள். 2001-இல் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, முதல் புரோகிராமிங் பாடத்தை முடித்த மாணவர்களைச் சோதித்தார்கள். பெரும்பாலோரால் ஓரளவு எளிய கணக்குக்கே புரோகிராம் எழுத முடியவில்லை. 2004-இல் இன்னொரு பன்னாட்டுக் குழு, மாணவர்கள் பலருக்குச் சின்னப் புரோகிராமைப் படித்து அது என்ன செய்யும் என்று சொல்லவே வரவில்லை என்று காட்டியது. ஆக, இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறை கிடையாது. அதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மேலும் உங்களுக்கு வருத்தம் குறையும்.

எட்டு வரிப் புரோகிராமைக் கொடுத்து, ஓட்டாமலே, ஒவ்வொரு வரிக்குப் பின்னும் யூனிட் எவ்வளவு, தொகை எவ்வளவு என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதச் சொல்லுங்கள். அப்புறம் ஓட்டிப் பார்க்கட்டும். நான் அப்சர்வேஷன் நோட்டில் மூன்று பத்தி கோடு போடச் சொல்வேன்: ‘நான் நினைத்தது’, ‘கணினி சொன்னது’, ‘ஏன் மாறியது’. மூன்றாவது பத்திக்குத்தான் மதிப்பெண். நினைத்தது தவறாகிப் போனால் மார்க் குறையாது என்று முதல் நாளே சொல்லி, அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள். இல்லாவிட்டால் அவுட்புட்டைப் பார்த்துவிட்டு முதல் பத்தியை நிரப்புவார்கள்.

இன்னொரு வழியும் எனக்கு நன்றாகப் பலித்தது. சரியான புரோகிராமை வரிவரியாகத் தாளில் வெட்டி, கலைத்து, இரண்டு பேருக்கு ஒரு கட்டு என்று கொடுத்துவிடுங்கள். பெஞ்சில் அடுக்கட்டும். பைத்தானில் உள்ளே தள்ளி எழுதுவது முக்கியம் என்பதால், துண்டுத் தாளையும் வலப்பக்கம் தள்ளித்தான் வைக்க வேண்டும். எந்த வரி எதற்குள் அடங்குகிறது என்பது விரலுக்கே தெரிந்துவிடும். கீபோர்டு பயமும் இங்கிலீஷ் பயமும் இல்லாமல் தர்க்கத்தை மட்டும் யோசிக்க அவர்களுக்குக் கிடைக்கும் நேரம் அது.

முதல் தடவை ஓட்டும்போது கட்டாயம் ஒரு சிவப்பு எழுத்து வரும். யூனிட்டை ‘இன்புட்’ மூலம் வாங்கி, அப்படியே 500-உடன் ஒப்பிட்டிருப்பார்கள். பைத்தான் ‘டைப் எரர்’ என்று நிற்கும். நீங்களே வேண்டுமென்று அந்தப் பிழையை விட்டுவையுங்கள். கீபோர்டிலிருந்து வருவது எப்போதும் எழுத்தாகவே வரும், அதை எண்ணாக நாம் மாற்ற வேண்டும். போன் நம்பர் எண் மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் யாராவது இரண்டு போன் நம்பரைக் கூட்டுகிறோமா என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். 501 என்று அடித்துவிட்டு எண்ணாக மாற்றாமல் இரண்டால் பெருக்கினால் 501501 என்று வரும். செய்து காட்டுங்கள், அதை மறக்கவே மாட்டார்கள்.

எரர் செய்தியைக் கீழிருந்து மேலாகப் படிக்கப் பழக்குங்கள். கடைசி வரியில் என்ன வகைப் பிழை, அதற்கு மேலே எத்தனையாவது வரி. இந்த இரண்டை மட்டும் பார்த்தால் போதும். தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் நான்கு வரி இங்கிலீஷைப் பார்த்ததும், தன்னைத் திட்டுகிறது என்று நினைத்துத் திரையில் அந்த விண்டோவையே மூடிவிடுகிறார்கள். நோட்டின் பின்பக்கத்தில், வந்த பிழையை இங்கிலீஷிலும், அதற்கு நான் என்ன செய்திருந்தேன் என்பதைத் தமிழிலும் எழுதிவரச் சொல்லுங்கள். செமஸ்டர் முடிவதற்குள் இருபது பிழை சேர்ந்தால் அவர்களுக்கென்று ஓர் அகராதி இருக்கும். விளக்கம் தமிழில் இருக்கட்டும். தேர்வில் வரும் சொற்களை மட்டும் இங்கிலீஷில் பழக்குங்கள். பள்ளிப் பாடநூலில் ‘மாறி’ என்று படித்தவரிடம் ‘வேரியபிள்’ என்பது அதேதான் என்று ஒருவர் சொல்ல வேண்டும், அது நீங்களாக இருங்கள்.

சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகள் ‘எங்களுக்கு எதுக்கு மேடம் பைத்தான்’ என்று கேட்டிருப்பார்கள். நியாயமான கேள்வி. அதே லேப் பட்டியலில் இரும்புக் கம்பியின் எடை என்றும் ஒரு பயிற்சி இருக்கிறது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் மேஸ்திரிக்குக்கூடத் தெரிந்த சூத்திரம்: கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கப்படுத்தி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுக்க 0.889 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 10.67 கிலோ. அந்த 162 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கம்பி செய்யும் எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ, வட்டத்தின் பரப்பு, மில்லிமீட்டரை மீட்டராக மாற்றுவது, இந்த மூன்றையும் சேர்த்தால் 162 தானாக வந்து நிற்கும். அளவு வாரியாகக் கம்பிப் பட்டியல் கொடுத்து மொத்த எடை கேட்டால் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது) எதற்கு என்பதும் அங்கேயே புரிந்துவிடும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரிசையாக அடுக்கிய சீட்டுக்கட்டில் புதுச் சீட்டைச் செருகும் பயிற்சிக்கு, விடைத்தாள்களை ரோல் நம்பர்படி அடுக்கச் சொல்லுங்கள். எண்ணை ஊகிக்கும் விளையாட்டை வகுப்பிலேயே ஆடுங்கள். 1-லிருந்து 100 வரை எந்த எண்ணையும் ஏழு கேள்விக்குள் பிடித்துவிடலாம் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். ஹனோய் கோபுரம் (வட்டுகளைக் கம்பம் விட்டுக் கம்பம் மாற்றும் புதிர்) பாடத்திட்டத்தில் முன்னால் வருகிறதென்று முன்னாலேயே எடுக்க வேண்டாம், அது ஃபங்ஷன் (பெயர் வைத்துத் திரும்ப அழைக்கும் புரோகிராம் பகுதி) படித்த பிறகு போதும்.

சாட்ஜிபிடியைத் தடை செய்து பயனில்லை. வீட்டில் என்ன நடக்கிறதென்று நமக்குத் தெரியாது. ஆனால் ஒட்டிக் கொண்டுவந்த புரோகிராமுக்கு மதிப்பெண் போட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஒரு மாற்றம் கேளுங்கள். ‘இலவச யூனிட்டை 100-லிருந்து 150 ஆக்கினால் எந்த வரியைத் தொடுவாய்? தொட்டால் 500 யூனிட்டுக்கு என்ன வரும்?’ புரிந்தவர் அரை நிமிடத்தில் காட்டுவார். புரியாதவரைத் திட்ட வேண்டாம், நாளைக்கு வந்து சொல் என்று அனுப்புங்கள். இரண்டு தடவை இப்படிச் செய்தால், எங்கிருந்து எடுத்தாலும் படித்துவிட்டு வரத் தொடங்குவார்கள்.

துறைத்தலைவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ரிசல்ட் குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவரிடம் ‘அடிப்படை எடுக்கிறேன்’ என்று சொல்லாதீர்கள். ‘லேபின் முதல் பயிற்சியை முழுமையாக முடிக்கிறேன், அதோடு சிலபஸின் முதல் இரண்டு யூனிட்டும் முடிந்துவிடும்’ என்று சொல்லுங்கள். அது பொய் இல்லை. அல்காரிதம், ஃப்ளோசார்ட், டேட்டா டைப், கண்டிஷன் எல்லாம் இந்த ஒரு கணக்குக்குள் இருக்கின்றன. வாரத்துக்கு மூன்று வகுப்பும் நான்கு பீரியட் லேபும் கைவசம் இருக்கின்றன. முதல் ஆறு வாரம் மெதுவாகப் போனால், லிஸ்ட், ஸ்ட்ரிங், ஃபைல் எல்லாம் பின்னால் வேகமாக நகரும் என்பது என் அனுபவம். பின்னால் ஃபைல் பாடம் வரும்போது அந்த 62 வீட்டுக் கணக்கையே படிக்க வைக்கலாம், புதிதாக எதுவும் தேட வேண்டாம். இவ்வளவு செய்தும் நான்கைந்து பேர் பின்தங்குவார்கள். அவர்களோடு சாயங்காலம் அரை மணி நேரம் உட்காரத்தான் வேண்டும், அதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பிளஸ் டூவில் பைத்தான் படித்தவர்களை மற்றவர்களோடு ஜோடி சேருங்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு: தெரிந்தவர் பேசலாம், கீபோர்டைத் தொடக் கூடாது. இந்த விதி உங்களுக்கும் உண்டு. ஆரம்ப வருடங்களில் நான் பிள்ளைகள் திணறுவதைப் பார்த்ததும் ‘தள்ளு, நான் பார்க்கிறேன்’ என்று மவுஸை வாங்கி, மூன்று நொடியில் சரிசெய்துவிட்டு அடுத்த சிஸ்டத்துக்குப் போய்விடுவேன். உதவி செய்கிறேன் என்றே நம்பினேன். ஒரு மாணவன், வருடக் கடைசியில், “நீங்க சரி பண்ணினது எதுன்னு எனக்கு இன்னும் தெரியாது சார்” என்றான். அன்றிலிருந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கப் பழகினேன்.

கடைசி சிஸ்டத்து மாணவிக்கு வருகிறேன். அவள் திரையை அணைப்பது, அதில் உள்ள தப்பை நீங்கள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. நின்றபடி குனிந்து பார்க்காதீர்கள். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, அவள் பக்கத்தில், திரையைப் பார்க்காமல் உட்காருங்கள். அவள் வீட்டு இபி அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் எத்தனை ஃபேன், மோட்டார் இருக்கிறதா, போன தடவை பில் எவ்வளவு என்று பேசுங்கள். அந்தத் தொகை எப்படி வந்தது என்று தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். போடுவாள். அப்புறம், “இதில் முதல் வரியை மட்டும் அடி, தப்பு வந்தால் ரெண்டு பேரும் சேர்ந்து படிக்கலாம்” என்று சொல்லிவிட்டு, உங்கள் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டு காத்திருங்கள். முதல் நாள் அவள் அடிக்காமல் போகலாம். அடுத்த லேபிலும் அதே ஸ்டூலில் போய் உட்காருங்கள்.